திரையில் வந்த முனியாண்டி

இன்று எங்கள் ஊர் லூனாஸ் பசாரில் மீன் வாங்கும்போது, "சார், என்னைத் தெரியுதா?" என்றார் ஒரு பெண்மணி. செல்வியை எப்படி மறப்பேன்?

எண்பதுகளில் எங்கள் இடைநிலைப்பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. ரப்பர் தோட்டத்துப் பிள்ளையான செல்வி பள்ளி முடிந்தும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் பால்மரம் வெட்டும் அவள் அப்பா முனியாண்டி கோபமாக வந்தார்.

"பொம்பளப் புள்ள பஸ்ஸ விட்டுட்டு இங்க என்னா செய்யுது? நாளைலேர்ந்து வேணாம் சார்."

செல்வி ஒரு விசையை அழுத்தினாள். கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 'முனியாண்டி' என்று தமிழில் நின்றன.

அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழே தெரியாது. எழுத்துகளைப் புள்ளி புள்ளியாகக் கட்டி, அவளாகவே புரோகிராம் எழுதியிருந்தாள். நான் அதைக் கற்றுக்கொடுக்கவே இல்லை.

முனியாண்டி வெகுநேரம் பார்த்தார். திரையை நோக்கி விரலை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டார்.

"நீ எழுதுனதா ஆயி?"

"ஆமாம்பா."

"இருந்து படிச்சிட்டு வா. நான் சைக்கிள்ல வந்து ஏத்திக்கிறேன்லா."

மறுநாள் சொன்னபடியே வந்தார். ஆனால் உடனே கிளம்பவில்லை. "உங்கம்மா பேரும் வருமா?" என்று கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் பெயரைத் தமிழில் முதன்முதலாகத் திரையில் பார்த்தது எப்போது? சொல்லுங்கள்.