பேட்ச் வந்தும் திரும்பாத ஊர்

மும்பை காட்கோபரில் ஒரு கேம் கம்பெனியில் நான் டெஸ்டிங் லீடாக இருந்தேன். செல்போனில் ஆடும் ஊர் கட்டும் விளையாட்டு எங்களுடையது. தீபாவளி அப்டேட் வெளிவரச் சில நாட்களே இருந்தபோது, என் டீமில் இருந்த நஸ்ரீன் மேசைக்கு வந்து நின்றாள். தாராவிப் பெண்.

"யக்கா, கட்டுன ஊரு அழிஞ்சு போவுது. சேவ் ஆவும்போது கரெக்டா ஒரு போன் கால் வந்தா மொத்தமும் காலி."

"ஒவ்வொரு தடவையும் வருதா?"

"எப்பமாச்சும்தான். ஆனா போனா போனதுதான்."

அவள் சொன்னது சரி. கட்டிய ஊர் ஆடுபவரின் போனில் மட்டும்தான் இருக்கும். எங்கள் சர்வரில் நகல் கிடையாது. 'ப்ளாக்கர்' என்று குறித்தேன். சரிசெய்யாமல் வெளியிடக் கூடாத பக், அதாவது பிழை, என்று பொருள்.

புரொட்யூசர் சுந்தர் சார் மாட்டுங்காக்காரர். கோபப்படவே மாட்டார்.

"தேதியை மாத்த முடியாதும்மா. விளம்பரம் ஓடிண்டிருக்கு. ஆப் ஸ்டோர்ல முன்பக்கத்துல எடம் குடுத்திருக்கான், விட்டா திரும்பக் கெடைக்காது. அப்புறமா ஒரு பேட்ச் போட்டுச் சரி பண்ணிக்கலாம்."

"சேவ் பண்ற பழைய புரோகிராமையே வச்சு அனுப்பலாமே சார்?"

"புதுக் கட்டடமெல்லாம் அதுல ஏறாது. இப்போ அதைத் தொட்டா வேற என்ன ஒடையும்னு உன்னால சொல்ல முடியுமா?"

முடியாது. நியாயமான கேள்விதான். பிழையோடு வெளியிடுவதை வெளியே இருப்பவர்கள் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். வேலை முடியும் முன்பே தேதி முடிவாகிவிடும். எங்களிடம் இருந்தது ஓர் அலமாரி நிறையப் போன்கள். வெளியே மக்களிடம் இருப்பதோ கணக்கில்லாத வகைகள். ஒன்றைத் திருத்தினால் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். அதனால் பெரியதைத் திருத்திவிட்டு மீதியைப் பேட்சுக்குத் தள்ளுவோம். பெரும்பாலும் அதில் கெடுதல் இல்லை.

அன்றைய மீட்டிங்கில், அபூர்வமாகத்தான் வருகிறது என்று சொல்லி, ப்ளாக்கரை 'மைனர்' என்ற சிறு பிழையாக்கினார்கள்.

"கேம்ல மரம் அந்தரத்துல நின்னா பேட்ச் போடலாம். இதுக்கு என்னத்தப் போடுவாங்க?" என்று நஸ்ரீன் கேட்டாள்.

அப்டேட் வந்ததும் புகார்கள் குவிந்தன. சப்போர்ட் ஆட்கள் போதாமல் நாங்களும் போன் எடுத்தோம். மும்பையை ஒட்டிய கல்யாண் நகரிலிருந்து ஒருவர் ஹிந்தியில் தொடங்கி, செல்வராணி என்ற என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு வந்தார்.

"நம்ம பக்கமாம்மா நீங்க? என் வீட்டுக்காரிக்குப் பக்கவாதம். டாக்டர் விரலுக்கு வேலை குடுங்கன்னார். அதுல இருந்து இந்த ஊரைத்தான் கொஞ்சங் கொஞ்சமாக் கட்டிக்கிட்டு இருந்தா. நேத்து ஆபீஸ்ல இருந்து போன் பண்ணேன், சாப்பிட்டியான்னு கேக்க. வச்சுட்டுப் பாத்தா ஒண்ணுமே இல்லையாம். நான் போன் பண்ணதாலயாம்மா?"

"இல்லய்யா. தப்பு எங்க மேல."

"பேட்ச் வருதுன்னு போட்டிருக்கே. அது வந்தா ஊரு வந்துருமா?"

"வராதுய்யா. இனிமே கட்டுறது அழியாது. அவ்வளவுதான்."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

பேட்ச் வந்தது. கூடவே வந்த குறிப்பில் 'சிறு பிழைகள் நீக்கப்பட்டன' என்று ஒரே வரி. புகார்கள் நின்றன. அப்டேட்டோடு நஸ்ரீனின் கான்ட்ராக்டும் முடிந்தது. அதை யாரும் நீட்டிக்கவில்லை.

நான் அந்தக் கல்யாண்காரருக்குப் போன் செய்தேன்.

"பேட்ச் போட்டாச்சும்மா. வெறும் புல்லாக் கெடக்கு. மக ஒரு வீடு கட்டிக் காமிச்சா, இவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. நானும் இப்பல்லாம் பகல்ல போன் பண்றதில்ல."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பக் எத்தனை பேருக்கு வரும் என்றுதான் மீட்டிங்கில் கேட்பார்கள். போனது திரும்புமா என்று நீங்கள் கேளுங்கள். திரும்பாது என்றால் விடாமல் வாதாடுங்கள். அதன் பிறகு வேலையை விடும்வரை நானும் அதைத்தான் செய்தேன். அத்தனை வாதத்துக்கும் ஒரே ஒரு முறைதான் தேதி தள்ளிப்போனது.