மழையை அளந்த டம்ளர்

நாங்கள் இப்போது இருக்கும் செம்மண்டலத்தில் காலையிலிருந்து நல்ல மழை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் எவர்சில்வர் டம்ளரும் ஸ்கேலுமாக வந்து நின்றான்.

"மழைய அளந்துட்டு வரச் சொன்னாங்க மிஸ். மாடிப்படியில வைக்கப் போறேன்மா."

டம்ளருக்குள் டங் டங்கென்று சொட்டு விழும் சத்தம் கேட்டது. என் சின்ன வயதில், சிதம்பரத்தில் எங்கள் ஓட்டு வீட்டுக்குள் ஐப்பசி முழுக்க அந்தச் சத்தம்தான். ஒழுகும் இடமெல்லாம் அம்மா குண்டானும் சொம்புமாக வைப்பாள். அப்பா ஈரமில்லாத மூலையைத் தேடி எங்கள் பாயை இழுத்துப் போடுவார்.

நான் மூன்றாவது படித்தபோது எங்கள் டீச்சரும் மழையை அளந்து வரச் சொன்னார். வெளியே வைக்கப் பாத்திரம் மிச்சமில்லை. பாய்க்குப் பக்கத்தில் ஒழுகலுக்கு வைத்திருந்த டம்ளரையே அளந்தேன். மறுநாள் எல்லாரும் ஒரு விரல் உயரம் என்றார்கள். நான் டம்ளர் நிறைய என்றேன்.

"உங்க தெருவுல மட்டும் எப்படி இவ்ளோ ஜாஸ்தி?"

"தெருவுல இல்ல டீச்சர், வீட்டுக்குள்ள வச்சேன்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரிப்பை மறைக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

சாயங்காலம் குடையோடு வந்த அப்பாவிடம் என் வகுப்பு மல்லிகா ஓடிப்போய்க் கேட்டாள்.

"மாமா, உங்க வீட்டுக்குள்ளதான் மழை ஜாஸ்தியாமே?"

அப்பா என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்தபடி நனைந்துகொண்டே வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

"நீயும் சின்ன வயசுல அளந்தியாம்மா?" என்றான் டம்ளரை வைத்துவிட்டு வந்த மகன்.

கூடத்தில், இப்போது எங்களோடு இருக்கும் என் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இல்லடா," என்றேன்.

அப்பா பக்கத்தைப் புரட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.