பவானேஸ்வரியின் கருநாக்கு

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். புக்கிட் காத்திலில் பவானேஸ்வரி வாழ்க்கைப்பட்ட வீட்டில் அந்த வாசற்கால் அடி வாங்குவதற்கென்றே இருந்தது. அவள் வாயைத் திறந்தால் போதும், அது பலித்துவிடாமலிருக்க மாமியார் ஜெயமணி விரல் முட்டியால் கதவு மரத்தைத் தட்டிவிடுவார்.

கல்யாணமான புதிதில் ஜாசின் பக்கம் தோட்ட வீட்டில் தொடங்கிய வழக்கம் அது. மாமனார் வீரமுத்து ரம்புத்தான் பறிக்க ஏறியிருந்தார். "மாமா, ஏணி ஆடுது, எறங்குங்க" என்றாள் இவள். அவர் இறங்கவில்லை, விழுந்தார். கால் முறிந்தது. ஆடிய ஏணியை யாரும் பார்க்கவில்லை. மாமியார் இவளை நாக்கை நீட்டச் சொன்னார். அப்போதுதான் பாலில்லாத கோப்பி ஓ குடித்த நாக்கு, வேறு எந்த நிறத்தில் இருக்கும்? கருநாக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. அன்று முதல் கல்யாண வீட்டில் சிரிப்பாள், பேசமாட்டாள். பேசிப் பேசிச் சாகிறவர்கள் உண்டு. இவள் பேசாமலே செத்துக்கொண்டிருந்தாள்.

மகள் ராகினிக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. பவானேஸ்வரியின் கணவன் கவிநேசன்தான் காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. கிளம்பும் நாள் காலையில் பையை ஏற்றப் போன பவானேஸ்வரி முன்சக்கரத்தைப் பார்த்தாள். டயரின் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம்.

"ஏங்க, அந்த டயரு..."

"கெளம்புற நேரத்துல வாயத் தொறக்காதன்னு எத்தன தடவ சொல்றது?" என்றான் கவிநேசன். உள்ளே மரம் தட்டும் சத்தம் கேட்டது. அவன் சாப்பிடப் போய்விட்டான்.

இனி சொன்னால் கோபத்தில் அப்படியே ஓட்டிக்கொண்டு போவான். ஹைவேயில் வெடித்தால் அதற்கும் அவள் நாக்குதான் காரணம். பவானேஸ்வரி குனிந்தாள். தலையிலிருந்த கொண்டை ஊசியை எடுத்து அந்த டயரின் காற்றடிக்கும் வாயில் வைத்து அழுத்தினாள். காற்று முழுக்க இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

டயர் கடைக்காரர் வந்து பார்த்தார். "நல்ல வேள, இங்கயே எறங்குச்சு லா அண்ணே. இத வச்சிக்கிட்டு ஹைவேக்குப் போயிருந்தா அவ்ளோதான்" என்று சொல்லிப் புது டயர் மாட்டினார்.

"முனியாண்டிதான் காப்பாத்துனாரு," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் ஜெயமணி. "இவ பாத்துட்டு வந்தா, காத்து எறங்கிடுச்சு. நாக்கு மட்டுமில்ல, கண்ணும் அப்படித்தான்."

உண்மையைச் சொல்ல நினைத்தாள். சொன்னால், பெற்ற பிள்ளையின் பயணத்தைத் தடுத்தவள் என்றாகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். பிள்ளை பத்திரமாகப் போகப்போகிறது என்ற நிம்மதி ஒரு பக்கம், தாங்க முடியாத ஆத்திரம் ஒரு பக்கம். வழியனுப்ப வாசலுக்கு வந்தாள்.

ராகினி காரின் கண்ணாடியை இறக்கினாள். குரலில் கோபமில்லை, பயம் இருந்தது.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. காடி போற வரைக்கும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்கம்மா."

பவானேஸ்வரி திரும்பிக்கொண்டாள்.