கொரியக் கசாயமும் சனிக்கிழமைக் கடதாசியும்

என் விரல்களில் கரப்பன் வந்து தோல் வெடித்த மாரிக்குளிரில்தான், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்றில் சனிக்கிழமை மத்தியானங்களில் நடக்கும் முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டத்திலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள். இறக்கிவிட்டவர் வேறு யாருமில்லை, எட்டு வருடமாக என் எதிரே இருந்து விளையாடும் என் கூட்டாளிதான். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஆட்களை ஏற்றி இறக்கிப் பழகிய மனிதர்.

"குறை நினையாதை மச்சான். உந்தக் கையாலை குலுக்கின கடதாசியை நாங்கள் எப்பிடித் தூக்கிறது?"

இது தொற்றாது என்று குடும்ப டொக்டர் சொன்னதைச் சொன்னேன். டொக்டர் கடதாசி விளையாடுகிறவரோ என்று கூட்டாளி கேட்டார். என் கதிரையில் பக்கத்து நகரமான அஜக்சிலிருந்து வந்த ஒரு அக்கவுண்டன்ரை இருத்தினார்கள். நல்ல பிள்ளை, ஆனால் நல்ல கடதாசி வந்தால் முகத்திலேயே விளக்கு எரியும். நான் சோபாவில் இருந்து, கைகளைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு, அந்த விளக்கைப் பார்த்துச் சலித்தேன். வாயாலாவது விளையாடுவோம் என்று இடையிடையே ஆலோசனை சொல்லப்போக, அதற்கும் தடை வந்தது. வீட்டில் முறையிட்டால் மனைவி, கரப்பன் கொஞ்சம் வாயிலும் வந்திருக்கலாம் என்றாள்.

அவள்தான் யங் வீதியில் ஒரு கொரிய வைத்தியர் இருப்பதாக யாரிடமோ கேட்டறிந்து என்னைக் கூட்டிப்போனாள். வைத்தியர் நடுத்தர வயதுப் பெண். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு நாக்கை நீட்டச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். என் நாக்கை நான் பொய் சொல்லத்தான் பழக்கி வைத்திருந்தேன், அங்கே அது என்னைக் கேளாமலே உண்மை பேசிவிட்டது. கிட்டடியில் நண்டு சாப்பிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் யோசிப்பதற்குள் மனைவி ஓம் என்றுவிட்டாள்.

நண்டு, இறால், கோழி, மிளகாய்த்தூள், பொரியல், விஸ்கி எல்லாம் நின்றன. கசாயத்தை அங்கேயே காய்ச்சி, சிறு பைகளில் அடைத்து, பெட்டியாகத் தந்தார்கள். காலையும் மாலையும் ஒரு பையைச் சுடுதண்ணீருக்குள் போட்டுச் சூடாக்கிக் குடிக்கவேண்டும். நனைந்த சாக்கைப் பிழிந்து குடித்ததுபோல் இருந்தது. இது உங்கள் உடம்புக்கென்று காய்ச்சியது, யாருக்கும் பங்கு கொடுக்காதீர்கள் என்று வைத்தியர் இரண்டு தரம் சொன்னார். எங்கள் ஆட்களை முன்பே கண்டிருக்கிறார் போல.

இரண்டு மாதத்தில் வெடிப்புகள் மூடத் தொடங்கின. கசாயமோ, நண்டை விட்டதோ, எனக்குத் தெரியாது. ஆனாலும் கதிரை கிடைக்கவில்லை. தோல் முழுதாக மாறட்டும் என்றார் கூட்டாளி. அன்றைக்கு ஆட்டம் முடிய, வழக்கமில்லாமல் என் கார் வரைக்கும் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். காற்சட்டையைத் தூக்கி, சொக்ஸை இறக்கினார். கணுக்காலிலிருந்து மேலே என் கையைவிட மோசம்.

"உன்ரை கசாயப் பக்கற்றிலை ரெண்டு தா மச்சான்."

"எவ்வளவு காலமா உது?"

"ரெண்டு வருசம்."

"அப்ப எனக்கு முந்தியே?"

"காலாலை ஆரும் கடதாசி குலுக்கிறேல்லையே."

மருந்து தரமாட்டேன், வைத்தியரிடம் கூட்டிப்போகிறேன், ஆனால் இதை மேசையில் நீர்தான் சொல்லவேண்டும் என்றேன். போகும் வழியெல்லாம் பேரம் பேசினார். மச்சினனுக்கு வந்தது என்று சொல்லலாமா என்றும் கேட்டுப் பார்த்தார். அங்கே போய், இது மற்றவர்களுக்குத் தொற்றுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். வைத்தியர் தொற்றாது என்று சொல்லிச் சிரித்து, வெறுங்கையாலேயே அந்தக் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். திரும்பி வரும்போது கூட்டாளி பேரம் பேசவில்லை.

சனிக்கிழமை, கடதாசி போடுமுன் எழுந்து நின்று காற்சட்டையை முழங்கால் வரை தூக்கினார்.

"இது தொற்றுமெண்டால், இவ்வளவு நாளிலை உங்கள் எல்லாருக்கும் நானே தந்திருப்பன்."

எல்லோரும் தங்கள் தங்கள் காலைப் பார்த்தார்கள். அக்கவுண்டன்ற் என் கதிரையை விட்டு எழுந்தார். நான் இருந்து, குலுக்கினேன்.

முதல் ஆட்டமே தோற்றோம். பிழை தன்னுடையது என்று கூட்டாளி தானாகவே ஒப்புக்கொண்டார். என் பிழைதான், ஆனாலும் நான் மறுக்கவில்லை.