மச்சு வீட்டில் சத்தம் கூடாது

மச்சு வீட்டில் தரை என்று ஒன்று கிடையாது. கீழே இருக்கிறவர்களின் தலைக்குமேல் போட்ட பலகைமேல் நாம் குடியிருக்கிறோம், அவ்வளவுதான். இது எனக்கு ஏழு வயதிலேயே தெரிந்துபோயிற்று.

அப்பாவுக்கு நாகர்கோவில் சர்க்கார் கச்சேரிக்கு மாற்றலானபோது வீடு தேடி அலையாத தெரு பாக்கியில்லை. ஒரு வீட்டில் சாதி கேட்டார்கள். இன்னொரு வீட்டில் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள். கோட்டாற்றில் கடை வைத்திருந்த ஒருவர்தான் கடைசியில் இந்த மச்சைக் கொடுத்தார். மேலே உரல் போடக் கூடாது, அம்மி கூடாது, பிள்ளைகள் ஓடக் கூடாது, பலகை தெரியாமல் தேங்காய்த் தும்புப் பாய் விரிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னார். பிள்ளைகளே கூடாது என்று சொல்லவில்லை பாருங்கள், நல்ல மனுஷன் என்றார் அப்பா.

அம்மை அருமனைக்காரி. அங்கே வீட்டுக்கு வீடு தென்னையும் பலாவும் நிறைந்த விளை. தொண்டையைத் திறந்து கூப்பிட்டால்தான் ஆள் வரும். அம்மை கூப்பிட்டால் அடுத்த விளையில் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்டவள் மச்சுக்கு வந்தபின் கோவிலில் ஜெபம் நடக்கும்போது பேசுகிற மாதிரிப் பேசினாள். மிளகாய் அரைக்கக்கூடப் பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவில் ஒரு வீட்டு அம்மிக்குப் போனாள். போய் வந்தால் மூச்சு வாங்கும். சுவரில் சாய்ந்து சற்று நேரம் கண்ணை மூடிக்கொள்வாள்.

கீழ்வீட்டில் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவும், இளைப்பு நோயால் படுக்கையிலேயே கிடந்த அவள் புருஷனும் இருந்தார்கள். நானும் தம்பியும் ஓடினால் பலகை இடுக்கு வழியாகப் பொடி உதிரும். அவருக்கு இருமல் வரும். டீச்சரம்மா ஒட்டடைக் கம்பால் கீழிருந்து குத்துவாள்.

“மேல என்ன, மாடா கெட்டியிருக்கிய? அவுக கஞ்சியில மண்ணு விழுகு!”

அவளைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். பகலெல்லாம் பள்ளிக்கூடத்து இரைச்சல், வீட்டுக்கு வந்தால் எங்கள் இரைச்சல். யாருக்குத்தான் தாங்கும்?

ஒருநாள் தம்பி மரப்பெட்டிமேல் ஏறித் தடாலென்று குதித்தான். மறுநாளே வீட்டுக்காரர் குடையோடு வந்து நின்றார்.

“ஓய், இதுதான் கடேசி. இன்னொரு மட்டம் டீச்சரு பராதி சொன்னா, நீரு வேற எடம் பாத்துக்கிடும்.”

அவர் போனதும் அப்பா பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். “இந்த மழையில, இந்த வயித்தோட, ஒன்ன நான் எங்க கொண்டு போவேன்?”

“இனி ஒரு சத்தம் வராது. நான் பாத்துக்கிடுகேன்” என்றாள் அம்மை.

பேறுகாலத்துக்கு அவளை அருமனைக்குக் கொண்டுவிடுவதாகத்தான் இருந்தது. நாள் முந்திக்கொண்டது. அன்றைக்கென்று சனிக்கிழமை, டீச்சரம்மா வீட்டில் இருந்தாள். அப்பா ஓடிப்போய்ப் பேறு பார்க்கிற கிழவியை அழைத்துவந்தார். கதவைச் சாத்தினார்கள். நான் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு ஏணிப்படியில் உட்கார்ந்தேன்.

உள்ளே கிழவி கெஞ்சுவது கேட்டது. “கத்து மக்கா, வாய்விட்டுக் கத்து. இப்பம் கத்தாம எப்பம் கத்தப்போற? வாயில கெடக்க துணிய எடு!”

அம்மையின் சத்தம் மட்டும் வரவில்லை. நான் கண்ணை இறுக்க மூடி, யேசுவே, எங்க அம்மை கத்தப்பிடாது, எங்கள எறக்கி விட்டிருவாவ என்று ஜெபம் பண்ணினேன். ஐயோ, என்ன ஜெபம் அது! வாழ்க்கையில் என் ஜெபம் அவ்வளவு சரியாகக் கேட்கப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மத்தியானம் கழிந்து கதவு திறந்தது. கிழவி யாரையும் பாராமல் கை கழுவப் போனாள். அப்பா உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார். நானும் மெள்ள நுழைந்தேன். அம்மை சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். அப்பாவின் தோள் நேரியலில் சுற்றி ஓர் ஆண் பிள்ளை. கண் மூடியிருந்தது, உதடு லேசாக நீலம். தம்பி பிறந்தபோது ஒரு மாதம் ஊரைக் கூட்டினவன். இவனோ ஒரு சிணுங்கல்கூட இல்லை. வரும்போதே வீட்டுக்காரரின் சட்டத்தைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறானே என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையைக் கீழ்வீட்டில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கால் பதியாமல் இறங்கிப் போனேன். டீச்சரம்மா புருஷனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சரம்மா, எங்க அம்மைக்குப் பிள்ள பொறந்தாச்சு. ஒங்களுக்குச் சத்தம் கேட்டுதா?”

“எப்பம்? இப்பமா? ஒண்ணும் கேக்கலியே.”

“அம்மை வாயில துணி வச்சுக்கிட்டா. பிள்ளயும் அழல்ல.”

அவள் கை அப்படியே நின்றது. “அழவே இல்லியா?”

“ஒரு மட்டம்கூட இல்ல.”

கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அவள் எங்கள் மச்சுக்கு ஓடினாள். அதுவரை ஒருநாளும் ஏறாத படியில் தடதடவென்று ஏறினாள். அந்த மனுஷர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். நாங்கள் அமைதியாக இருந்ததற்குத்தான் மெச்சுகிறார் என்று நினைத்தேன்.

“இவன் எங்கள மாதிரி இல்ல மாமா. எப்பமும் இப்பிடித்தான் சத்தம் போடாம இருப்பான்” என்று அவருக்கு நம்பிக்கை சொன்னேன். அவர் ஏன் துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை.