பித்தளை அண்டாவில் பழகிய கை

என் சித்தப்பாவுக்கு மண்டபம் பக்கம் ஒரு கடல் மீன் ஆபீசில் பியூன் வேலை. ஒரு மார்கழி லீவுக்கு மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கியவர், தகர டின்களில் கடல் தண்ணீரையும் ஒரு ஜாடியில் மீனையும் கொண்டுவந்துவிட்டார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒற்றை மீன். கடலையே பார்த்திராத எங்கள் தெருக்காரர்கள் வந்து, தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டிக்குள் பவளப்பாறைத் துண்டு ஒன்று. பக்கத்தில், வாய் மட்டும் வெளியே தெரியும் நீளக் குப்பிக்குள் ஒரு பல்பு எரியும். தண்ணீருக்குச் சூடு அதுதான். "ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது, ஒரே சீரா இருக்கணும்" என்று சித்தப்பா சொல்லிவைத்திருந்தார். போதாதா? எதற்கெடுத்தாலும் பயப்படும் நான், போகும்போதும் வரும்போதும் விரலை விட்டுப் பார்ப்பேன். "உன் வெரலப் பாத்தே மீனுக்கு ஜொரம் வந்துரும் போடி" என்று அப்பா சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள்.

சித்தப்பா காரிமங்கலம் சந்தைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. வத்தல்மலைக் காற்றில் தண்ணீர் சில்லிட்டு, மீன் பாறையோரம் சாய்ந்துவிட்டது. "செத்துரும்மா!" என்று கத்தினேன்.

அம்மா ஓடிப்போய், துணிப்பெட்டியின் அடியிலிருந்து கைக்குழந்தையைச் சுற்றும் சின்னக் கம்பளி ஒன்றை எடுத்துவந்து தொட்டியில் சுற்றினாள். பிறகு அடுப்பிலிருந்த வெந்நீரில் கல்லுப்பைக் கரைத்து, பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்ட விளாவுகிற மாதிரி, ஒரு கையால் ஊற்றி மறுகையால் கலக்கினாள். பித்தளை அண்டாவில் விளாவிப் பழகிய கை. கண்ணாடி தாங்குமா?

'டப்' என்றது. கடல் மொத்தமும் கூடத்தில் கொட்டியது. அம்மா சில்லுகளுக்குள் கைவிட்டு மீனை அள்ளினாள். விரலெல்லாம் ரத்தம். மீன் ஒருமுறை வாயைத் திறந்தது. அவ்வளவுதான்.

அந்நேரம் பார்த்துச் சித்தப்பா வந்து நின்றார். "வுடுங்க அண்ணி, மீனுதானுங்களே. வேற கொண்டாரேன்."

அம்மா மீனைக் கம்பளியில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். "இதையும் குளுருக்கே குடுத்துட்டேனே" என்று அவள் போட்ட சத்தத்தில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சத்தம் கேட்டு வந்த அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு மீனுக்கா இத்தனை அழுகை? எனக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு தொட்டில் ஆடியிருந்ததை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கம்பளி என்னுடையது என்றே நினைத்தேன்.

"எந்துணிதானம்மா, குடு, தொவைச்சுப் போடறேன்" என்று கையை நீட்டினேன்.

அம்மா தரவில்லை.