மருந்தடித்த பாத்தி

பூச்சிமருந்தின் வாடை காற்றில் வந்தால், மணற்காட்டுப் பாத்தியின் நடுவே செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற மிஸ்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார். வெங்காயம் விளைகிற ஊரில் அந்த வாடைக்குத் தப்பி இருக்கவும் முடியாது.

மிஸ் எங்கள் ஆராய்ச்சி உத்தியோகத்தர். நான் அவருக்குக் கீழே களவேலை பார்த்தவன். பாலைவன நாடொன்றின் குதிரைமசால் செடியை வடமராட்சிக் கிழக்கின் கொதிமணலில் மாட்டுத் தீவனமாக்கிவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். வெயிலை அது தாங்கியது. குருத்தில் அப்பிச் சாற்றை உறிஞ்சும் அழுக்கணவன் பூச்சியைத்தான் தாங்கவில்லை. அதற்கு மிஸ் செய்த வேலை பார்ப்பவருக்குப் பைத்தியமாகத் தெரியும். பயற்றங்கொடிகளில் மொய்த்த பூச்சியைக் கொடியோடு முறித்து வந்து தன் பயிரிலேயே விடுவார். செத்தது போகட்டும், தானாகத் தப்பி நிற்கிற செடியில்தான் விதை எடுக்க வேண்டும் என்பார்.

பக்கத்துக் காணி அண்ணையிடம் இரண்டு பசுக்கள் இருந்தன. கோடையில் பனையோலையைக் கிழித்துப் போட்டு அவற்றின் உயிரைப் பிடித்து வைத்திருந்தார். அப்படியும் ஒன்று விழுந்து எழும்பவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வேலியால் எட்டிப் பார்த்து, "மிஸ், விதை எப்ப தருவியள்?" என்று கேட்பார்.

"எது நிக்குது எண்டு தெரியட்டும் அண்ணை" என்பார் மிஸ்.

மிஸ்ஸுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. அடுத்த போகத்தைத் தான் காணப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். எந்தச் செடி நிற்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட ஆசைப்பட்டார். அந்த நேரம் பார்த்து அவரை வார்டில் வைத்தார்கள். துணைக்கு நானும் யாழ்ப்பாணத்தில் நின்றேன். இருவரும் திரும்பி வந்தபோது பாத்தி முழுவதும் ஒரே பச்சை. வாடை மூக்கில் அடித்தது.

அண்ணை சிரித்த முகத்தோடு வந்தார். "நீங்கள் இல்லாத நேரம் பூச்சி திண்டு முடிக்கப் பாத்துது மிஸ். வெங்காயத்துக்கு வைச்சிருந்த மருந்தை அடிச்சு விட்டன். ஒண்டும் சாகேல்லை."

ஒன்றும் சாகவில்லை. ஆகவே எது தானாகத் தப்பக்கூடியது என்றும் தெரியவில்லை. அவரை அடிக்கலாம் போல எனக்குக் கோபம் வந்தது. மிஸ் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, போய் அடுப்பை மூட்டினார். அண்ணை போன பிறகு, "அந்த மனுசனுக்கு ஒரு நாளும் சொல்லிப்போடாதை தம்பி" என்றார். அதன்பின் மிஸ் அதிக காலம் இருக்கவில்லை.

இந்தப் போகம் பூச்சியைக் கொண்டுவந்து விட்டது நான். பயிர் மஞ்சளாவதைக் கண்டு அண்ணை முதுகில் மருந்துத் தாங்கியோடு வந்துவிட்டார். வேலியில் மறித்தேன். ஏன் என்று கேட்டார். சொல்லாமல் அவரை நிறுத்த வேறு வழி இருக்கவில்லை. மிஸ் மறைக்கச் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

தாங்கியை இறக்கி மணலில் வைத்தார். மூலையில் நாலைந்து செடிகள் மட்டும் பூச்சி மொய்த்தும் பச்சையாக நின்றன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய சட்டையிலிருந்து அதே வாடை வந்தது.

"அண்டைக்கு மிஸ் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தவ" என்றார்.